நான்காவது ஆள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய எக்செல் கோப்பு ஒன்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 48 வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டங்கள். இறுதியாண்டு மாணவர்கள் தங்களோடு புராஜெக்ட் செய்ய யார் யார் வேண்டும் என்று ஐந்து பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியல் அது. 37ஆவது வரிசையில் பெயர்களே இல்லை. முதல் கட்டத்தில் "யாராக இருந்தாலும் சரி" என்று இருக்கிறது. மற்ற நான்கும் காலி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல்தான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. புரோகிராம் வரிசை எண்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, இவன் வாக்கியம் எழுதி வைத்திருக்கிறானே என்ற எரிச்சல். அந்தக் கட்டத்தை வெறுமையாக்கிவிட்டு ஓட்டினேன். இப்போது என்னிடம் இருப்பது, வெறுமையாக்குவதற்கு முந்தைய பிரதி.

ஊட்டியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். புராஜெக்டுக்குக் குழு பிரிப்பது எங்கள் துறையில் யாரும் விரும்பி எடுத்துக்கொள்ளாத வேலை. பணியில் இளையவர் தலையில் வந்து விழும், விழுந்தபின் அங்கேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. 48 பேர், நான்கு நான்கு பேராக 12 குழு. ஆனால் கடைசி செமஸ்டரில் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துச் செய்வது அந்த ஒன்றைத்தான். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால் முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான் வரும். டிசம்பர் மாதத்து உறைபனிக் காலையில், கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வகுப்பில் குழுப் பட்டியலை வாசிக்கும்போது விழும் மௌனம் தேர்வு முடிவு நாளில்கூட இருக்காது.

நான் வருவதற்கு முன்னால் வரிசை எண்படி பிரித்தார்கள். எங்கள் வரிசை எண்கள் ஆங்கில அகரவரிசைப்படி வருகிறவை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு எஸ் எழுத்தில்தான் பெயர் தொடங்கும் போலிருக்கிறது. அந்த வகுப்பில் மட்டும் 14 எஸ். மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒன்றாகவே சோதனைக்கூட ரெக்கார்டு எழுதியவர்கள் புராஜெக்டிலும் ஒன்றாகவே தொடர்ந்தார்கள். பிறகு, நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுப் பார்த்தோம். இரண்டே நிமிடத்தில் பெஞ்சுகள் நகரும் சத்தம் ஓய்ந்துவிடும். ஓய்ந்தபின் ஆங்காங்கே நான்கைந்து பேர் பையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சேர்த்து "நீங்கள் ஒரு குழு" என்று ஆசிரியர் சொல்வார். நான் படித்த காலத்திலும் இதே முறைதான். நான் எப்போதும் முதல் நிமிடத்திலேயே சேர்ந்துவிட்டவர்களில் ஒருத்தி. மிச்சம் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று இன்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

சீட்டுப் போட்டால் என்ன என்று ஒரு வருடம் பேச்சு வந்தது. சீட்டு என்றால் உத்திரமேரூரை இழுக்காமல் யாராலும் இருக்க முடியாது. ஒரு மூத்த பேராசிரியர் இழுத்தார். குடவோலை முறையை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் படித்துப் பார்த்தால், குடத்துக்குள் சிறுவன் கையை விட்டு ஓலை எடுக்கிற இடம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் யார் பெயர் ஓலையில் ஏறலாம், யார் பெயர் ஏறக்கூடாது என்ற விதிகள்தான் நீள்கின்றன. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குள், கணக்குக் காட்டாதவர் கூடாது, அவர் உறவினரும் கூடாது. குலுக்கலில் பாரபட்சம் கிடையாது. ஆனால் குடத்துக்குள் எந்த ஓலை விழும் என்பது குலுக்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. இதை அப்போது ஏதோ புத்திசாலித்தனமான குறுக்குப் பேச்சாகத்தான் சொன்னேன்.

மூடுபனியில் மலையேறுவது

சரி, புரோகிராம் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். முதலில் மதிப்பெண். தரவரிசையைப் பாம்பு போல வளைத்து 1, 24, 25, 48 ஒரு குழு. 2, 23, 26, 47 அடுத்த குழு என்று போனால் எல்லாக் குழுவிலும் கூட்டுத்தொகை 98 வரும். தாளில் அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. அதனால் படிவத்தில் பெயர்கள் கேட்டேன். முதலில் எழுதிய பெயர் அதே குழுவில் கிடைத்தால் 5 புள்ளி, இரண்டாவதற்கு 4, கடைசிப் பெயருக்கு 1. குழுக்களின் சராசரி மதிப்பெண் ஒன்றுக்கொன்று அதிகம் விலகாமல் மொத்தப் புள்ளியை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதே கேள்வி.

எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: 12 பேரை மூன்று குழுவாக்க 5,775 வழிகள் இருக்கின்றன, அதைப் பார்த்துவிடலாம். 48 பேரை 12 குழுவாக்கும் வழிகளின் எண்ணிக்கை 36 இலக்கம். எனவே கணினியும் நம்மைப் போல ஒப்பேற்றத்தான் வேண்டும். ஏதோ ஒரு பிரிப்பில் தொடங்கி, எந்த இரண்டு பேரையாவது இடம் மாற்றிப் பார்ப்பது. மொத்தம் குறையாவிட்டால் அப்படியே விடுவது, குறைந்தால் பழையபடி வைப்பது. இதற்குப் பெயரே மலையேறும் முறை. ஊட்டியில் இதைப் பாடமாக நடத்துவதில் ஒரு வசதி உண்டு. மூடுபனியில் ஏறிக்கொண்டே போகிறவனுக்கு, இனி எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கம்தான் என்று தெரியும். ஆனால் நிற்பது தொட்டபெட்டாவா, இல்லை பக்கத்தில் ஏதோ ஒரு மேடா என்று தெரியாது. இந்த உதாரணத்தை நான் வேறு ஊரில் வேலை பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது.

இரண்டு லட்சம் இடமாற்றங்களை என் பழைய லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடித்தது. தொடக்கத்தில் 50ஐக்கூடத் தொடாத மொத்தப் புள்ளி 330ஐத் தாண்டி நின்றது. ஏறக்குறைய எல்லோருக்கும் கேட்டவர்களில் ஒருவராவது கிடைத்திருந்தார். குழுச் சராசரிகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. பிரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. துறைத் தலைவர் தோளைத் தட்டாத குறையாகப் பாராட்டினார். நானும் இரண்டு நாள் கொஞ்சம் மிதந்தேன்.

அதே மாதத்தில் இளையவர் வகுப்பு ஒன்றில் ஜோடி சேர்க்கும் அல்காரிதங்களை நடத்திக்கொண்டிருந்தேன். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1962இல் எழுதிய, சில பக்கங்களே கொண்ட கட்டுரையில் தொடங்குகிற விஷயம் இது. மாணவர்கள் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறார்கள், கல்லூரிகள் மாணவர்களை வரிசைப்படுத்துகின்றன. கிடைத்ததை விட்டுவிட்டு ஒருவரையொருவர் தேடி ஓட விரும்பும் ஒரு மாணவனும் ஒரு கல்லூரியும் மிச்சம் இல்லாதபடி எல்லோரையும் சேர்த்துவிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட சேர்க்கைக்கு 'நிலையானது' என்று பெயர். கிட்டத்தட்ட இதே முறையை அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு ஒதுக்குபவர்கள் 1950களிலேயே தாங்களாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னால் காட்டியவர் ஆல்வின் ராத். 2012இல் ஷேப்லிக்கும் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். நம்மூர்ப் பொறியியல் கலந்தாய்வு இதைவிட எளிது. அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்து, பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அதே கட்டுரையில் இன்னொரு சின்ன உதாரணம் இருக்கிறது. இரண்டு தரப்பு இல்லாமல், ஒரே கூட்டத்துக்குள் அறைத்தோழர்களாக ஜோடி சேர வேண்டும் என்றால் என்ன ஆகும்? நான்கு பேர்: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. ஆல்ஃபாவுக்குப் பீட்டாதான் முதல் விருப்பம். பீட்டாவுக்குக் காமா. காமாவுக்கு ஆல்ஃபா. மூன்று பேருக்குமே டெல்டா கடைசி. இப்போது எப்படிச் சேர்த்தாலும் நிலைக்காது. யார் டெல்டாவோடு மாட்டுகிறாரோ அவர் கிளம்பப் பார்ப்பார். மற்ற இருவரில் ஒருவர் அவரை வரவேற்கவும் தயாராக இருப்பார். பல வருடமாக இதைக் கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். நிரூபணத்தில் நான் அடிக்கோடிடும் இடம் ஒன்று உண்டு: டெல்டாவின் விருப்பப் பட்டியல் எதுவாக இருந்தாலும் சரி, விடை மாறாது. மாணவர்களும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். கடைசியில் டெல்டா எந்த அறையில் படுத்தான் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

பிழை திருத்தியவன்

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. சீசன் தொடங்கிவிட்டதால் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய புறத்தேர்வாளர் பர்லியாறு வளைவுகளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தார். அந்தத் தாமதத்தின் பதற்றம் எல்லோருக்கும் தொற்றியிருந்தது. எட்டாவது குழு உள்ளே வரும்போது மதியம் ஆகிவிட்டது. அவர்கள் செய்திருந்தது சிறு தேயிலை விவசாயிகளுக்கான ஒரு செயலி: பசுந்தேயிலையை ஏஜெண்டிடம் போடும்போது அன்றைய எடையைப் பதிந்துகொண்டு, மாதக் கடைசியில் கைக்கு வரும் பணத்தோடு ஒத்துப் பார்ப்பது. நல்ல யோசனை. மூன்று பேர் மாற்றி மாற்றித் தடையில்லாமல் பேசினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். நான்காவது ஆளாக 37 நின்றிருந்தான். பைண்டு செய்த அறிக்கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. ஆள்காட்டி விரலை அறிக்கையின் ஏதோ ஒரு பக்கத்துக்குள் அடையாளமாக வைத்திருந்தான். கேட்டால் உடனே திறந்துவிடலாம் என்று.

தேர்வாளர் அவனைப் பார்த்துக் கேட்டார். தேதியையும் விவசாயியின் எண்ணையும் வைத்துத்தானே ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காண்கிறீர்கள், ஒரே நாளில் ஒருவர் இரண்டு தடவை இலை போட்டால் என்ன ஆகும்? நியாயமான, எளிய கேள்வி. அவன் விரலை வைத்த பக்கத்தைத் திறந்தான், பார்த்தான், மூடினான். "தெரியவில்லை சார்" என்றான். மற்றவர்களில் ஒருத்தி அவசரமாகப் பதில் சொன்னாள். தேர்வாளர் அவளைக் கையால் நிறுத்திவிட்டு, "சரி, இந்த புராஜெக்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"பிழை பார்த்தேன் சார்."

"புரோகிராமிலா?"

"இல்லை சார். அறிக்கையில். எழுத்துப் பிழை. பஸ்ஸில் போகும்போது திருத்துவேன்."

தேர்வாளர் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடவேண்டும் என்பது விதி. மூன்று பேருக்கும் 80க்கு மேல் வந்தது. அவனுக்கு 58. பட்டியலின் அடியில் அகமதிப்பீட்டாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த 58இல் தவறே கிடையாது, இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவனுக்கு அந்த புராஜெக்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

வராந்தாவில் அவனைப் பிடித்தேன். குழுவில் ஏதாவது பிரச்சினையா, உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையா, ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேள்விகளை அடுக்கினேன். இப்போது நினைத்தால், ஒரு புகாரைக் கறந்துவிடப் பார்த்திருக்கிறேன். புகார் கிடைத்தால் விசாரிக்கலாம், விசாரித்தால் யாரையாவது திட்டலாம். அவன் நிதானமாகச் சொன்னான்: "குழு நன்றாகத்தான் இருந்தது மேடம். அவர்கள் நல்லவர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று ஐம்பது பஸ் மேடம்" என்று சொல்லிப் படியில் இறங்கிப் போனான்.

அவன் சொன்னது உண்மையும்கூட. அடுத்த நாள் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டேன், திட்டுவதற்குத் தயாராக. மூவரும் ஊட்டி டவுனில் இருப்பவர்கள். மாலை ஐந்து மணிக்கு ஒருத்தியின் வீட்டில் கூடிக் கூடி வேலையை முடித்திருக்கிறார்கள். முதல் வாரம் அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மஞ்சூரைத் தாண்டி இரண்டாவது பஸ் பிடித்துப் போகிறவன் ஐந்து மணிக்கு எப்படி இருப்பான்? போனில் பேசலாம் என்றால் அவன் வீட்டில் சிக்னல் கிடையாது. அப்படியும் அவன் பெயரைச் சும்மா போட மனமில்லாமல், அச்சடித்த பக்கங்களைத் திங்கட்கிழமை தோறும் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு எழுத்துப் பிழையைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

அன்று இரவு, ஒட்டிய பட்டியலோடு மறந்துவிட்டிருந்த பதிவுக் கோப்பைத் திறந்தேன். புரோகிராம் செய்த ஒவ்வொரு இடமாற்றத்தையும் அது எழுதி வைத்திருந்தது. பெரும்பாலோர் 100 தடவைக்குள் இடம் மாறி, பிறகு ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒட்டிக்கொள்வது என்றால், அவர்களை அங்கிருந்து பிடுங்கினால் மொத்தம் குறையும் என்று பொருள். 37 மட்டும் 600 தடவைக்கு மேல் இடம் மாறியிருந்தான். அவன் யார் பெயரையும் எழுதவில்லை, அவன் பெயரையும் யாரும் எழுதவில்லை. மதிப்பெண்ணோ நடுத்தரம், எங்கே வைத்தாலும் சராசரி கெடாது. ஆகவே எந்தக் குழுவில் இடம் மிச்சமோ அங்கே அவனை வைத்து, அந்த இடம் வேறொருவருக்குத் தேவைப்பட்டால் அவனைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைத்து, மற்ற 47 பேரின் மகிழ்ச்சியை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறது என் புரோகிராம். கடைசியாக அவன் நின்ற இடம், ஒருவர் பெயரை ஒருவர் எழுதிய மூன்று நண்பர்களுக்குப் பக்கத்தில் இருந்த நான்காவது நாற்காலி. அந்த மூவருக்கும் கேட்டவர்கள் கிடைத்திருந்தார்கள்.

"யாருடன் வேண்டாம்" என்றும் படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதிலும் அவன் பெயரை யாரும் எழுதவில்லை. இதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. டெல்டாவை மூன்று பேருக்கும் பிடிக்காது, அதனால்தான் அந்த உதாரணத்தில் அடிதடி. இவனைப் பிடிக்காதவர் யாருமில்லை, தெரிந்தவரும் யாருமில்லை. நான் மேற்படிப்பிலும் வகுப்பிலுமாகக் கற்று நடத்திய நியாயம் எல்லாமே புகாரிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஓட நினைத்தால்தான் ஒரு சேர்க்கை நிலையற்றது. கூட ஓட இன்னொருவர் இல்லாதவனின் வருத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சேர்க்கை அசையாது. அவனுக்கு வருத்தமே இல்லை என்று அவனே சொல்லிவிட்டால், கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் 58 என்ற எண் அவன் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது.

மூன்று ஐம்பதுக்கும் ஆறுக்கும் நடுவில்

ஒரு வாரம் நான் வகுப்பு முடிந்தவுடன் குன்னூர் பஸ்ஸைப் பிடிக்காமல் சும்மா சேரிங்கிராஸ் பக்கம் நடந்தேன். ஆராய்ச்சி என்று பெரிய பெயர் வேண்டாம், வேடிக்கை பார்த்தேன். டீக்கடையில் வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டு, ஒரே தட்டு பஜ்ஜியை ஐந்து பேர் பிய்த்துக்கொண்டு, இருட்டும்வரை என் மாணவர்கள் நின்றிருந்தார்கள். படிவத்தில் ஒருவரையொருவர் எழுதியவர்கள் இவர்கள்தான். வகுப்பறைக்குள் அரும்புகிற நட்பு கொஞ்சம்தான், பாக்கியெல்லாம் மணி அடித்தபிறகு. மணி அடித்தவுடன் பஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த நேரமே கிடையாது. பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு, அங்கிருந்து பந்தலூருக்கு. மஞ்சூருக்கு, அங்கிருந்து உள்ளே. மழைக்காலத்தில் மரம் விழுந்தால், சாலையில் யானை நின்றால், கடைசிப் பஸ் இல்லை. "உனக்கு யார் வேண்டும்" என்று நான் கேட்டபோது, அவர்கள் காதில் "மாலையில் உனக்கு நேரம் இருக்கிறதா" என்றுதான் விழுந்திருக்கும்.

அடுத்த வருடம் படிவத்தை மாற்றினேன். பெயர்களை எடுத்துவிட்டு நேரத்தைக் கேட்டேன். எந்தெந்த நேரம் ஓய்வு, எத்தனை மணிக்குப் பஸ், வீட்டில் கணினி இருக்கிறதா, சிக்னல் வருமா. புதிய யோசனை ஒன்றும் இல்லை. கேட்மி என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயன்படும் ஒரு கருவி இருக்கிறது. அது மாணவர்களின் நேர அட்டவணையைக் கேட்டுப் பொருத்துகிறது, ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. ஓய்வு நேரம் ஒத்துப்போகிறவர்கள் ஒன்றாக வரும்படி என் புரோகிராமை மாற்றினேன். அது கனகச்சிதமாகச் சேர்த்தது. நானும் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.

பலகையைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர், "என்ன மேடம், தாலுகா வாரியாகப் பிரித்துவிட்டீர்களா?" என்று கேட்டார். அவருக்கு அது கேலி. எனக்குச் சுருக்கென்றது. நீலகிரியில் ஆறு தாலுகா. பஸ் நேரத்தை வைத்துச் சேர்த்தால் தாலுகாதான் வரும். ஆனால் இந்த மாவட்டத்தில் தாலுகா வந்தால் அதோடு மற்றதெல்லாம் வந்துவிடும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு குழு. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் இன்னொரு குழு. மஞ்சூர், கோத்தகிரிப் பாதைகளில் ஹட்டிகளிலிருந்து வருகிற படகர் பிள்ளைகள் வேறு இரண்டு குழு. டவுன் பிள்ளைகள், லேப்டாப்பும் இணையமும் உள்ளவர்கள், தனியே. சாதி, மொழி, வருமானம் எதையும் படிவத்தில் நான் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் கேட்டேன். மதிய உணவுக்கு முன்னால் பட்டியலைக் கிழித்து எடுத்தேன். குண்டூசி நகக்கண்ணில் ஏறி, இரண்டு நாள் கீபோர்டைத் தொடும்போதெல்லாம் வலித்தது.

உத்திரமேரூரைப் பற்றி நான் அடித்த குறுக்குப் பேச்சு அப்போதுதான் என் பக்கமே திரும்பி வந்தது. இரண்டு வருடமும் நான் கர்மசிரத்தையாகக் குடத்தைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது செய்வது ஒரு மாதிரியான ஒட்டுப்போட்ட ஏற்பாடு. முதலில் ஒரே பஸ்ஸில் போகிற இரண்டிரண்டு பேரை ஜோடியாக்குகிறேன். தூரத்து ஊரிலிருந்து யாரும் ஒரு குழுவில் தனியாக இருக்கக்கூடாது. பிறகு வெவ்வேறு பாதைகளின் ஜோடிகளை இரண்டு இரண்டாகச் சேர்க்கிறேன். இருவர் இருவராகச் சேர்ப்பதற்கு வேகமான, துல்லியமான வழிகள் உண்டு. கேலும் ஷேப்லியும் எழுப்பிய அந்த அறைத்தோழர் கேள்விக்கே, நிலையான சேர்க்கை இருந்தால் கண்டுபிடித்துத் தருகிற, இல்லையென்றால் இல்லை என்று சொல்கிற ஒரு முறையை ராபர்ட் இர்விங் என்பவர் 1985இல் கொடுத்தார். மூவர், நால்வர் என்று ஒரே வீச்சில் சேர்க்கப் போனால்தான் கணக்கு கைமீறிப் போகிறது. ஜோடியாக்கி, ஜோடிகளை ஜோடியாக்குவது என்ற தந்திரம் எனக்கு அலுப்பில் தோன்றியதுதான். மொத்தத்தைப் பெரிதாக்குவதையும் விட்டுவிட்டேன். புள்ளி மிகக் குறைந்த குழு எதுவோ அதை முதலில் உயர்த்து, பிறகு அடுத்ததைப் பார் என்பதுதான் இப்போது விதி.

ஆனால் உண்மையில் எதையாவது மாற்றியது புரோகிராம் இல்லை, புதன்கிழமை. புதன் மதியம் கடைசி இரண்டு பாடவேளைகளைப் புராஜெக்டுக்கு என்று கால அட்டவணையிலேயே போட வைத்தேன். ஐந்து மணிக்குக் கூடவேண்டிய அவசியம் போய்விட்டது. சோதனைக்கூடத்தைப் பங்குபோடும் இன்னொரு துறையோடு பேசி, கெஞ்சி, ஒருமுறை குரலை உயர்த்தி, ஆறு மாதம் ஆயிற்று. புரோகிராம் எழுத ஆனது இரண்டு இரவு. துறைக் கூட்டத்தில் புரோகிராமுக்குத்தான் கைதட்டல் கிடைத்தது.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. ஒரு மாணவியின் அம்மா போனில் அழைத்து, மூன்று வருடச் சிநேகிதியிடமிருந்து என் பெண்ணைப் பிரித்து, முகம் தெரியாதவர்களோடு போட்டுவிட்டீர்களே, கடைசி வருடம்கூட அவர்கள் சேர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைத்தான் நான் முதல் வருடம் 330 புள்ளியாக எண்ணினேன். பழைய முறையில் கணக்குப் பார்த்தால் இப்போதைய பட்டியல் 150ஐத் தாண்டாது.

பெயர் கேட்கும் கட்டத்தை, ஐந்துக்குப் பதில் இரண்டாகக் குறைத்து, மறுபடி சேர்த்திருக்கிறேன். அந்த இரண்டும் காலியாக இருந்தாலோ, பெயருக்குப் பதில் வேறு எதுவும் இருந்தாலோ புரோகிராம் நின்றுவிடும். நான் அந்த மாணவரிடம் பேசி, என்ன பேசினேன் என்று ஒரு வரி எழுதினால்தான் மேலே நகரும். போன வாரம் 22ஆவது வரிசையில் நின்றது. ஒரு பெண். இரண்டு கட்டத்திலும் "யாராக இருந்தாலும் சரி மேடம்" என்று எழுதியிருந்தாள். வகுப்பில் தேடினேன், போய்விட்டிருந்தாள். பஸ் நிலையத்துக்கு வேகமாக நடந்தேன். கூடலூர் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில், ஸ்வெட்டர் கையை விரல்நுனிவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோடு வேலை செய்தால் உனக்கு நன்றாக இருக்கும், பழக்கமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா இரண்டு பெயர் சொல் என்றேன். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்தபடி யோசித்தாள். ஒரு பெயர் சொன்னாள். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு கேட்டாள்:

"நான் எழுதினால் சரி மேடம். அவர்கள் என் பெயரை எழுதியிருக்கிறார்களா?"

முழுப் பட்டியலும் என் கையிலிருந்த போனில் இருந்தது. எனக்குப் பதில் தெரியும். நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நாளை புதன்கிழமை. பட்டியல் ஒட்ட வேண்டும். 22ஆவது வரிசைக்கு என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.